நாற்பது வளைவு ஏறி வரப்போகிறவர்களுக்கு

வால்பாறைக்குக் கிளம்பத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கும், ஆபீஸ் நண்பர்களுக்கும், கல்லூரி செட்டுகளுக்கும்,



உங்கள் வாட்ஸப் குழுவில் இந்நேரம் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஊட்டி வேண்டாம், கூட்டம். கொடைக்கானல் போன வருஷமே போயாச்சு. "வால்பாறை போலாமா? யானையெல்லாம் ரோட்டுக்கே வருமாம்" என்று ஒருவர் போட்டிருப்பார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியிருப்பீர்கள். உற்சாகமான ஒருவர் உட்கார்ந்து இரண்டு பகலுக்குள் ஆழியாறு அணை, கவியருவி, அட்டகட்டி, சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை, கூழாங்கல் ஆறு, பாலாஜி கோயில், நேரம் இருந்தால் அதிரப்பள்ளி என்று அடைத்து ஓர் அட்டவணை போட்டிருப்பார். அதன் கடைசியில் 'இரவு: யானை பார்க்க ரைடு' என்றும் ஒரு வரி இருக்கும்.

அந்த அட்டவணை முடிவாகி முன்பணம் கட்டுவதற்குள் இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் இந்த ஊர்க்காரன், எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் வந்தால்தான் இங்கே டீக்கடைக்காரருக்கும் ஜீப் ஓட்டும் பையனுக்கும் பிழைப்பு. எப்படி வரவேண்டும் என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் இந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சுமார் 3,500 அடி உயரத்தில் 220 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரு மேட்டுநிலம். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காபி. இதில் 70 ஆயிரம் பேர் வாழ்கிறோம். பள்ளிக்கூடம், சர்ச், மசூதி, மாரியம்மன் கோயில், ரேஷன் கடை எல்லாம் உண்டு. இந்த மேட்டைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளப் பக்கத்தில் பரம்பிக்குளமும் வாழச்சாலும் வளைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் நாங்கள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானைக்கு எங்கள் டீக்காட்டைக் கடக்காமல் வழியில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் காட்டை அழித்துத் தேயிலை வைத்தபோது ஓடையோரத்திலும் சரிவிலும் விட்டுப்போன துண்டுச் சோலைகள், சிறிதும் பெரிதுமாக நாற்பதுக்கு மேல், இன்னும் மிச்சம் இருக்கின்றன. யானை பகலில் அங்கே ஒதுங்கி நிற்கும், பொழுது சாய்ந்ததும் கிளம்பும். வருஷத்தில் நூறு யானை வாக்கில் இந்த மேட்டுக்கு வந்து போகின்றன.

ஆக, இங்கே ஒரு நேர ஏற்பாடு இருக்கிறது. யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதல்ல. காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்க ஆட்கள் இறங்கும்போது டீக்காடு எங்களுடையது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் அவற்றினுடையது. நடுவில் தகராறு வருவதும் உண்டு. ரேஷன் கடைச் சுவரை முட்டி அரிசி மூட்டையை இழுக்கும், சத்துணவுக் கூடத்தின் கதவைப் பெயர்க்கும். ஆனால் மனிதர்கள் இறந்துபோன சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை யானை அங்கே நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டிக்கொண்டவை. பஸ்ஸை விட்டிறங்கித் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்து போகிறவர், வளைவில் திரும்பினால் முன்னால் யானை.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். யானையை விரட்டுவது எப்படி என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று மக்களுக்குச் சொல்வது எப்படி என்று யோசித்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓடியது: இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன், யானை நிற்கிறது. 2011இலிருந்து செல்போனுக்குக் குறுஞ்செய்தி. பிறகு முக்கியமான சந்திப்புகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருந்தால் அது எரியும். விளக்கைப் போட ஆள் அங்கே போக வேண்டியதில்லை, போனிலிருந்தே போடலாம். பல இடங்களில் அந்தப் பொறுப்பை எங்கள் ஊர்க்காரர்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவு குறைந்தது. இந்த வேலைக்காக அந்த அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அந்த விளக்கு எரிவதைப் பார்த்ததும் உள்ளூர்க்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பாதையில் போவார், அல்லது தெரிந்த வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுக் காத்திருப்பார். வெளியூர் வண்டிகள் சில அதே விளக்கைப் பார்த்து அந்தப் பக்கமே விரைகின்றன. எங்களைக் காப்பாற்ற வைத்த விளக்கு உங்களுக்கு யானை இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டியாகிவிட்டது. வண்டிகள் இரண்டு பக்கமும் மறித்து, ஹாரன் அடித்து, செல்போன் விளக்கை முகத்தில் அடித்தால் யானை மிரளும். நீங்கள் படத்தோடு ரூமுக்குப் போய்விடுவீர்கள். மிரண்ட யானை அடுத்து யாரைச் சந்திக்கும்? இரண்டாவது ஷிப்ட் முடிந்து ஃபேக்டரியிலிருந்து நடந்து வருகிறவரை.

எனவே திட்டத்தில் முதல் திருத்தம்: இரவு ரைடு என்ற வரியை அடித்துவிடுங்கள். யாராவது ஜீப்காரர் ஆயிரம் ரூபாய்க்குக் கூட்டிப்போகிறேன் என்றாலும் வேண்டாம். சட்டப்படியும் குற்றம், வனத்துறை பிடித்தால் அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான். இருட்டியபின் தங்குமிடத்தை விட்டு வெளியே போகாமல் இருப்பது என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

இரண்டாவது திருத்தம், இடங்களைக் குறைத்து இரவுகளைக் கூட்டுவது. இரண்டு பகலில் எட்டு இடம் என்றால் நீங்கள் பார்க்கப்போவது எட்டு பார்க்கிங். மூன்று இரவு ஒரே இடத்தில் தங்குங்கள். முதல் நாள் வளைவு ஏறிய களைப்பிலேயே போய்விடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி நாள்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை ஒரு சோலையோரம், மாலை நான்கு முதல் ஆறு வரை இன்னொன்று. நடுப்பகலில் சாப்பாடு, தூக்கம், சீட்டு. காட்டு உயிர்களும் அந்நேரம் அதைத்தான் செய்கின்றன, சீட்டைத் தவிர.

எந்த மாதம்? மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் வருகிறீர்கள், புரிகிறது. ஆனால் கூட்டமும் அப்போதுதான். கையில் லீவு இருப்பவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். வானம் தெளிவாக இருக்கும், நல்லமுடியில் நின்றால் தூரத்தில் ஆனைமுடி தெரியும். இருவாச்சிப் பறவைகள் கூடு வைக்கும் காலமும் அதுதான். ஆனால் மழை ஓய்ந்த அந்த மாதங்களில்தான் யானை நடமாட்டமும் இந்த மேட்டில் அதிகம், அதை மறக்காதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேறு ஊர். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் சின்னக்கல்லார் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. பனிமூட்டத்தில் பத்தடி தெரியாது, ரோட்டில் மண் சரியும், காலில் அட்டை ஏறும். தவளைச் சத்தம் கேட்கவும் பாசி படர்ந்த மரங்களைப் பார்க்கவும் பிடித்தவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அதைவிடக் கெட்ட காலமும் கிடையாது. அட்டைக்குப் பயந்து சாகாதீர்கள். முழங்கால் வரை நெருக்கமான துணியில் உறை போட்டு, மேலே கொஞ்சம் மூக்குப்பொடியோ உப்போ தடவிக்கொண்டால் போதும். கடித்தாலும் விஷமில்லை, கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அவ்வளவுதான்.

அனுமதி விஷயம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது உங்களுக்குத் தெரியும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயம். கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஆழியாறு செக்போஸ்ட்டில் நின்று சிக்னல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அதே செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பையையும் மது பாட்டிலையும் பார்ப்பார்கள். சலித்துக்கொள்ளாமல் காட்டுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச் சாலை விதி சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும். காலையில் பொள்ளாச்சியில் நெய் ரோஸ்ட்டும் பொங்கலும் கட்டிவிட்டுக் குழந்தைகளைப் பின் சீட்டில் ஏற்றினால் பதினைந்தாவது வளைவுக்குள் பலன் தெரியும். என் யோசனை கேட்டால், நான்கு பேருக்குக் குறைவாக இருந்தால் வண்டியே வேண்டாம், அரசு பஸ்ஸில் வாருங்கள். இடது பக்க ஜன்னல், பெரிய கண்ணாடி, உயரமான இருக்கை. வளைவு ஒவ்வொன்றையும் மனப்பாடமாக அறிந்த டிரைவர். வரையாடு நின்றால் அவரே வேகத்தைக் குறைப்பார்.

அந்த வரையாட்டைப் பற்றி. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று பள்ளியில் படித்த அந்தப் பிராணியைக் காசு கொடுக்காமல், நடக்காமல், பஸ் ஜன்னல் வழியாகவே பார்க்கக்கூடிய இடங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற இடத்தில் நின்றால் கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். அங்கிருந்து அட்டகட்டி வரை பாறைச் சரிவிலும் ரோட்டோரத் தடுப்புச் சுவரிலும் அவை நிற்கும். கிழட்டுக் கிடாவின் முதுகில் சாம்பல் வெள்ளையாகச் சேணம் போட்டாற்போல ஒரு பட்டை இருக்கும், அடையாளம் அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 2024இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 இருந்தன. அடுத்த ஆண்டுக் கணக்கில் 1,303. மாநிலத்துக்கே இவ்வளவுதான் என்கிற எண்ணிக்கையில் ஒன்றுக்கு நீங்கள் மசாலா சிப்ஸ் கொடுக்கிறீர்கள் என்றால் என்ன செய்கிறீர்கள் என்று யோசியுங்கள். ரோட்டில் தின்னக் கிடைக்கும் என்று பழகிய ஆடு பாறைக்குப் போகாது. டயருக்குத்தான் போகும்.

சிங்கவால் குரங்குக்கு இது ஏற்கெனவே நடந்துவிட்டது. வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் என்கிற எஸ்டேட் வரும். ரோட்டை ஒட்டி ஒரு துண்டுச் சோலை, அதில் ஒரு பெரிய கூட்டம் வாழ்கிறது. மழைக்காட்டின் உச்சிக் கிளையிலேயே பிறந்து, உச்சிக் கிளையிலேயே தின்று, தரையில் கால் வைக்காமல் வாழ்ந்து முடிக்கக்கூடிய பிராணி அது. வெடிப்பலாதான் அதன் முக்கியமான தீனி. முள் காயை இரண்டு கையாலும் பிடித்துப் பல்லால் உரித்து உள்ளே இருக்கும் கொட்டையை எடுக்கும் வித்தையைக் குட்டி தாயிடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். புதுத்தோட்டத்தில் சோலை சுருங்கி, நடுவே ரோடு போய், ரோட்டில் உங்கள் வண்டிகள் நிற்கத் தொடங்கியதும் பாடம் மாறிவிட்டது. ஒரு தாய் சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கடித்து, மூலையில் கிழித்து, உள்ளே விரலை விட்டுத் துழாவி நக்குகிறது. வயிற்றில் தொங்கும் குட்டி கண் கொட்டாமல் பார்க்கிறது. அப்புறம் அந்தக் காலிப் பாக்கெட் குட்டியின் கைக்குப் போகிறது. தாய் செய்த இடத்திலேயே, அதே மூலையில், குட்டி கடிக்கிறது.

வண்டியில் அடிபட்டுச் சாவதைக் குறைக்க ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகள் அதில் ஏறிக் கடக்கின்றன. கீழே யாராவது வாழைப்பழம் நீட்டினால் பாலத்தைவிட்டு இறங்கிவிடுகின்றன. அங்கே வனத்துறையும் ஆராய்ச்சியாளர்களும் அமர்த்திய காவலர்கள் குச்சியோடு நின்று வண்டிகளை நகரச் சொல்வார்கள். அவர்களிடம் சண்டை போடாதீர்கள். கொஞ்சம் தள்ளி ரோட்டின் ஓரமாக வண்டியை விட்டு, கதவை மூடி, நின்று பாருங்கள். பத்து நிமிஷத்தில் வெள்ளிப் பிடரியோடு ஓர் ஆண் எட்டிப் பார்த்தே தீரும்.

இருவாச்சிக்கு வருகிறேன். புலியும் சிறுத்தையும் பார்ப்பது அதிர்ஷ்டம், அதற்காகத் திட்டம் போட முடியாது. மலை இருவாச்சிக்குப் போடலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பெட்டை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். மாதக் கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் சோறு போடுவது ஆண். வெளியே ஆணுக்கு ஏதாவது நேர்ந்தால் உள்ளே இருப்பவை பட்டினி. இதனால்தான் கூட்டு மரத்துக்குப் பக்கத்தில் யாரையும் விட வேண்டாம் என்கிறார்கள். தூரத்தில், எதிர்ச் சரிவில், டீச்செடிக்கு நடுவே உட்கார்ந்து பார்ப்பது சரியான முறை. பறவை கண்ணில் படும் முன்பே காதில் விழும். சிறகின் அடியில் இறகுகளுக்கு இடையே காற்று புகுந்து போவதால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இரைச்சல். வந்து கிளையில் உட்காரும், கழுத்தை ஒரு குலுக்குக் குலுக்கும், தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழம் அலகின் நுனிக்கு வரும். அதைக் கீறலில் நீட்டும். உள்ளிருந்து அலகு நுனி வந்து வாங்கிக்கொள்ளும். மறுபடி குலுக்கல், இன்னொரு பழம். இப்படி ஒரே வருகையில் டஜன் கணக்கில். கடைசியில் ஒரு மரப்பட்டைத் துண்டைக்கூடக் கொடுத்துவிட்டுப் போகும். நீங்கள் சத்தம் போட்டாலோ, மரத்தடிக்குப் போனாலோ, வாய் நிறையப் பழத்தோடு சுற்றிச் சுற்றிப் பறக்கும், கிட்டே வராது.

இதற்கு ஒரு நல்ல தொலைநோக்கி வேண்டும். ஆளுக்கு ஒன்று தேவையில்லை, இரண்டு குடும்பத்துக்கு ஒன்று போதும். 8x42 என்று கேட்டு வாங்குங்கள். பெரிய லென்ஸ் கேமராவைவிட அது பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும். ஊரில் பறவைகளைத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். தங்குமிடத்தில் கேட்டால் அறிமுகப்படுத்துவார்கள், கூலியைப் பேசிக் கொடுத்துக் கூட்டிப்போங்கள். டீக்காடு யாரோ ஒரு கம்பெனியின் சொத்து. அனுமதி இல்லாமல் இறங்கி நடக்கக் கூடாது. அக்காமலைப் புல்வெளிக்கும் அப்படித்தான், சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்ட இடமில்லை.

வழியில் யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது? குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். முடிந்தால் இன்னும் தள்ளி. ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், யாரும் இறங்க வேண்டாம், முன்னால் நிற்கும் வண்டியை முந்த வேண்டாம். யானை உங்களை நோக்கி நடந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள், அதற்காக இரண்டு வண்டிக்கு நடுவில் எப்போதும் இடைவெளி விடுங்கள். 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி சாலையில் பைக்கில் வந்த ஜெர்மன் பயணி ஒருவர் இறந்துபோனார். ரோட்டோரம் யானை நிற்பதைப் பார்த்து மற்ற வண்டிகள் எல்லாம் ஒதுங்கி நின்றன. அவர் கடந்துவிடலாம் என்று பார்த்தார்.

யானையைவிட எனக்குப் பயம் தண்ணீரிடம்தான். கூழாங்கல் ஆறு படத்தில் முழங்கால் ஆழம். உண்மையிலும் பல இடத்தில் அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆறுகளில் பாறைக்கு அடியில் குடைந்த பள்ளமும் சுழலும் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை பத்து நிமிஷத்தில் இறங்கி வரும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் குளிக்க இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் ஒரே நேரத்தில் போனார்கள். ஒருவர் சுழலில் சிக்க, காப்பாற்ற மற்றவர்கள் இறங்கினார்கள். கல்லூரி செட்டுகளே, இந்தக் கடிதத்தில் உங்களுக்கென்று இருப்பது இந்த ஒரு பத்தி. உள்ளூர்க்காரர் 'இங்கே இறங்காதீங்க' என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள்.

தங்குமிடம் பிடிக்கும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், தேவைப்படாது. சமையல் கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். பின்பக்கம் கொட்டுகிற இடத்துக்குப் பன்றி வரும், நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். பக்கத்திலேயே லைன் வீடு இருக்கும். சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிப்போன துயரம் இந்த ஊரில் ஒரு தடவை நடந்ததல்ல. அந்த வீடுகளில் இன்று இருப்பவர்கள் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிவிட்ட பிறகு வந்தவர்கள். சிறுத்தையின் ஊரில் பிள்ளை வளர்க்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிது. 'கேம்ப் ஃபயர், மியூசிக் உண்டு' என்று விளம்பரம் செய்யும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே போகிறவர்களுக்கு இந்த மலை தேவையே இல்லை, ஒரு மொட்டை மாடி போதும்.

டீக்காட்டின் நடுவே நின்று படம் எடுப்பீர்கள். எடுங்கள், எனக்கும் அந்தப் பச்சை அலுக்கவில்லை. வருவதற்கு முன் ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்தால் நல்லது. இங்கே தோட்டத்து டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். 2013இல் பாலா எடுத்த 'பரதேசி'க்கு அடிப்படை அதுதான். முன்பணம் கொடுத்துத் தெற்கத்திக் கிராமங்களிலிருந்து நடத்தியே கூட்டிவந்தவர்கள் மலேரியாவிலும் கடனிலும் செத்துச் செத்து வைத்த செடிகள் இவை. என் பாட்டனார் அந்த வழியில் வந்தவர்தான். அவர்களுக்கும் முன்னால் இந்தக் காட்டில் காடர்களும் முதுவர்களும் மலசர்களும் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்புக்குள் 'பழங்குடி பார்க்கிறோம்' என்று கேமராவோடு நுழைவது அசிங்கம். தேன் விற்றால் வாங்குங்கள், பேரம் பேசாமல்.

டாப்ஸ்லிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் அட்டவணைக்காரர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை. வரைபடத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் வால்பாறையிலிருந்து அங்கே உங்களுக்கு நேர்ப்பாதை கிடையாது. நாற்பது வளைவும் இறங்கி, ஆனைமலை, சேத்துமடை வழியாக மறுபடி ஏற வேண்டும். அதைத் தனிப் பயணமாக வையுங்கள், பரம்பிக்குளத்தோடு சேர்த்து. பரம்பிக்குளம் கேரளாவில் இருந்தாலும் வண்டியில் போக வழி நம் பக்கம்தான். தேக்கு வெட்டித் தீர்த்த காட்டில், வெட்டிய மரம் மறுபடி துளிர்க்கும்படி செய்த ஹியூகோ வுட் என்கிற வன அதிகாரியின் கல்லறை டாப்ஸ்லிப்பில் இருக்கிறது. கோழிகமுத்தியில் யானை முகாம். டாப்ஸ்லிப்பில் தங்க வனத்துறையிடம்தான் முன்பதிவு, தனியாரிடம் ஏமாறாதீர்கள். அதிரப்பள்ளி வழியாகத் திரும்ப நினைப்பவர்கள் மலக்கப்பாறை செக்போஸ்ட்டை மதியத்துக்குள் தாண்டிவிடும்படி கிளம்புங்கள். நடுவில் அடர்ந்த காடு, பொழுது சாய்ந்தால் விடமாட்டார்கள்.

சில்லறை விஷயங்கள்: டவுனிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், எஸ்டேட் பக்கம் பங்க் கிடையாது. பெரிய வைத்தியம் என்றால் பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டும், எனவே ஆஸ்துமா, சர்க்கரை மாத்திரைகளை மறக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி ராத்திரிக்கு ஸ்வெட்டர் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குல்லாயும் வேண்டும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இருவாச்சிக் கூடோ, நீர்நாய் நடமாடும் ஓடையோ கண்ணில் பட்டால் படத்தைப் போடுங்கள், இடத்தின் பெயரைப் போடாதீர்கள். 'ஆனைமலை' என்று மட்டும் எழுதினால் உங்கள் பெருமை ஒன்றும் குறையாது. இடத்தைக் குறித்து ஒரு படம் பரவினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் இருபது கார் நிற்கும்.

திரும்பும் நாளில் மதியத்துக்கு முன் கிளம்பிவிடுங்கள், வெளிச்சத்தில் வளைவு இறங்குவது நல்லது. சேர்ந்த குப்பையை ரூமில் விட்டுவிட்டு வராமல் ஒரு பையில் கட்டி டிக்கியில் போட்டுக் கீழே கொண்டுபோங்கள். பொள்ளாச்சிக் குப்பைத்தொட்டியை யானை வந்து கிளறாது.

அன்புடன்,
வால்பாறைவாசி ஒருவன்